வெள்ளி போன வழி: கலப்பினச் சதைப்பற்றுச் செடிப் பாத்தி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வெள்ளி இலைகளுக்காகவே தேர்ந்தெடுத்து நட்ட பாத்தி அது. நட்டதிலிருந்து பத்து மாதம் வரை குறையின்றி வளர்ந்த 18 கலப்பினச் சதைப்பற்றுச் செடிகளில் 13 செடிகள், அடுத்த ஆறு வாரங்களுக்குள் வெள்ளி மங்கிப் பச்சையாகின. எந்தச் செடியும் சாகவில்லை. வேர் அழுகவில்லை, தண்டு கறுக்கவில்லை, இலை உதிரவில்லை. எதற்காக அவற்றை வளர்த்தேனோ அந்த ஒன்று மட்டும் போய்விட்டது. ஒரே பாத்தியில் ஒரே காலத்தில் நேர்ந்ததால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று முதலில் நம்பினேன். அந்த நம்பிக்கை தவறு என்று தெரிந்துகொள்ள மூன்று வாரங்கள் வீணாயின. ஒரே மாதிரித் தெரிந்த இழப்பு மூன்று வெவ்வேறு வழிகளில் வந்திருந்தது. எந்தச் செடிக்கு எந்த வழி என்பதைச் செடியே தன் இலையடுக்கில் எழுதி வைத்திருந்தது. அதைப் படிக்கக் கற்ற விதத்தைத்தான் இங்கே பதிவு செய்கிறேன்.

பாத்தியும் செடிகளும்

பாத்தி ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உடையது. தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, தண்ணீர் நிற்காதபடி ஒரு பக்கம் சரிவாக அமைக்கப்பட்டது. கலவையில் மூன்றில் இரண்டு பங்கு பியூமிஸ் கல், பெர்லைட், கரடுமுரடான மணல் ஆகியவை. மீதி மட்கிய உரம். மேற்பரப்பில் வெளிர்நிறச் சிறுகற்கள் பரப்பப்பட்டிருந்தன. சரிவின் மேல் முனையில் ஒரு கூரையின் விளிம்பும், கீழ் முனையில் ஒரு புதர்ச்செடியும் இருந்தன. இவ்விரண்டும் பிற்பாடு முக்கியமாகும் என்று நடும்போது எனக்குத் தோன்றவில்லை.

நட்டவை நான்கு வகைகள். 'லாலிண்ட்சா' ஐந்து: எச்சிவேரியா லாய், எச்சிவேரியா கொலராட்டா 'லிண்ட்சயானா' ஆகிய இரண்டின் சேர்க்கை, இரு பெற்றோரின் பெயர்களையும் ஒட்டவைத்தே அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். 'டிட்டுபன்ஸ்' ஆறு: கிராப்டோபெட்டலம் பராகுவயென்சியையும் எச்சிவேரியா டெரன்பெர்ஜியையும் சேர்த்து உண்டான கிராப்டோவேரியா. 'ஃபிரான்செஸ்கோ பால்டி' நான்கு: அதே கிராப்டோபெட்டலத்தோடு சீடம் பாக்கிஃபில்லம் சேர்ந்த கிராப்டோசீடம். 'பவுடர் பஃப்' மூன்று: பாக்கிஃபைட்டமும் எச்சிவேரியாவும் சேர்ந்த பாக்கிவேரியா. இருவேறு பேரினங்கள் இவ்வளவு எளிதாகக் கலப்பது தாவர உலகில் பரவலாகக் காணப்படுவதன்று. கிராசுலேசியே குடும்பத்தின் இந்தக் கிளையில் அது நடப்பதால்தான் இரண்டு பேரினப் பெயர்களையும் இணைத்து முன்னால் ஒரு பெருக்கல் குறி இடும் வழக்கத்தை இச்செடிகளில் அடிக்கடி காண்கிறோம்.

பெற்றோர் செடிகள் பெரும்பாலும் மெக்சிகோவின் மேட்டு நிலங்களையும் பாறைச் சரிவுகளையும் சேர்ந்தவை. எச்சிவேரியா லாய் ஒஹாகா மாநிலத்துச் செடி. பாக்கிஃபைட்டம் ஓவிஃபெரம் சான் லூயிஸ் போட்டோசியைச் சேர்ந்தது. கிராப்டோபெட்டலம் பராகுவயென்சி என்ற பெயர் பராகுவே நாட்டைச் சுட்டினாலும், அச்செடியின் பிறப்பிடம் மெக்சிகோவின் தமௌலிபஸ் மாநிலமே. பெயர் வைத்தபோது நேர்ந்த பிழை பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கடும் வெயில், குளிர்ந்த இரவு, காற்றோட்டம், வேரில் தேங்காத நீர் என்பவையே இவற்றின் பிறந்த வீட்டுப் பழக்கங்கள். கலப்பினங்கள் பெற்றோரைவிடப் பொறுமை மிக்கவை என்பது உண்மைதான். ஆயினும் அந்தப் பொறுமை வேருக்கும் தண்டுக்குமே உரியது. இலையின் வெள்ளிக்கு அது அவ்வளவாக இல்லை.

வெள்ளி என்பது என்ன

இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: இச்செடிகளில் வெள்ளி என்பது நிறமியன்று. இலையின் தோலுக்கு வெளியே படிந்திருக்கும் மிக நுண்ணிய மெழுகுப் படிகங்களின் போர்வை அது. கண்ணாடியைப் பொடித்தால் வெண்மையாவது போல, இப்படிகங்கள் தம்மீது விழும் எல்லா நிற ஒளியையும் நாலாபுறமும் சிதறடிக்கின்றன. அந்தச் சிதறலே நம் கண்ணுக்கு வெண்சாம்பலாக, நீறு பூத்தது போலத் தெரிகிறது. அடியில் இலை எப்போதும் பச்சைதான். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருள்வதற்கும் இதே வகை மெழுகு நுண்படிகங்களே காரணம் என்று வில்ஹெல்ம் பார்த்லாட்டும் கிறிஸ்டோப் நைன்ஹுயிஸும் 1997-இல் விரிவாக விளக்கினர். 'தாமரை இலைத் தண்ணீர்' என்று நாம் உறவைப் பற்றிச் சொல்வது, இயற்பியலாகப் பார்த்தால் மெழுகைப் பற்றிச் சொல்வதே ஆகும். எல்லா வெள்ளி இலைகளும் இப்படிப்பட்டவை அல்ல. கலஞ்சோ டொமென்டோசா போன்றவற்றில் நுண்ணிய மயிர்களே வெள்ளியைத் தருகின்றன. மயிரடர்ந்த அந்த இலைகளைப் பற்றி இங்கு நான் பேசவில்லை.

இந்த மெழுகு அழகுக்காக வந்ததன்று. தாமஸ் மல்ராய் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், இதே குடும்பத்தைச் சேர்ந்த டட்லியா பிரிட்டோனியின் வெண்பொடி இலைகள் தம்மீது விழும் புற ஊதாக் கதிர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பி அனுப்புவதைக் காட்டினார். ஆகவே பொடி போன இலை அழகை மட்டும் இழந்ததாகக் கருதக்கூடாது. வெயிலில் குடையையும் இழந்து நிற்கிறது என்றே கருத வேண்டும். நான் இதைத் தாமதமாகத்தான் உணர்ந்தேன். அந்தத் தாமதத்துக்கு நான்கு செடிகள் தம் இலைகளால் விலை கொடுத்தன.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான இச்செடிகளில் இலை இளமையாக விரியும் காலத்தில்தான் மெழுகு வளமாகச் சுரக்கிறது. முதிர்ந்த இலையில் அதைத் துடைத்துவிட்டால் மறுபடி முழுமையாகப் படிவதில்லை. இந்த நிகழ்வில் நான் செய்த கணிப்புகள் அனைத்தும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் நின்றன.

நடந்தவை

பதினோராம் மாதத் தொடக்கத்தில், பாத்தியின் மேல் முனையில் இருந்த 'லாலிண்ட்சா' ஒன்றின் இலையிடுக்கில் மாவுப்பூச்சியைக் கண்டேன். வெண்பொடிச் செடியில் மாவுப்பூச்சியைக் கண்டுபிடிப்பது கடினம். வெள்ளையில் வெள்ளை மறைந்துகொள்ளும். எறும்புகள் ஓயாமல் ஏறி இறங்குவதைக் கவனித்த பின்பே இடுக்கைப் பிரித்துப் பார்த்தேன். அன்று மாலையே, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் அது குழைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, மேல் முனைச் செடிகளின் மீது தெளித்தேன். மற்றக் காய்கறி, பூச்செடிகளுக்குப் பல ஆண்டுகளாகச் செய்துவந்த வேலை என்பதால் ஒரு கணமும் தயங்கவில்லை.

மறுநாள் காலையில் அந்த இலைகள் கழுவித் துடைத்தவை போல ஆழ்ந்த பச்சையாகப் பளபளத்தன. தூசி போயிற்று என்று மகிழ்ந்தேன் என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும், ஏனெனில் இந்த மகிழ்ச்சிதான் பலரையும் ஏமாற்றுகிறது. பத்தாம் நாள், வானத்தை நோக்கிய இலைப்பரப்புகளில் வெளிர்பழுப்புத் திட்டுகள் தோன்றின. தொட்டால் தட்டையாக, காகிதம் போல உலர்ந்திருந்தன. அடியிலிருந்து மேலேறும் அழுகலில் இலை கண்ணாடி போல் நீர்கோத்துத் தொட்டவுடன் விழும். இங்கோ தண்டு கல் போல் உறுதியாக இருந்தது; திட்டுகள் வெயில் படும் பக்கத்தில் மட்டுமே இருந்தன. ஆகவே இது வெயில் சுட்ட காயமே.

அடுத்த மூன்று வாரங்களில், எண்ணெய் ஒரு துளியும் படாத கீழ் முனைச் செடிகளும் மங்கத் தொடங்கின. அதோடு நடுப்பகுதியில் ஒரு 'டிட்டுபன்ஸ்', கூரையோரத்தில் ஒரு 'பவுடர் பஃப்' ஆகியவற்றிலும் புள்ளி புள்ளியாகப் பச்சை தெரிந்தது. நோய் பரவுகிறது என்ற அச்சம் இப்போதுதான் வந்தது. அச்சத்தில் மீண்டும் எதையாவது தெளித்திருந்தால் இந்த ஆய்வுக்கே இடமிருந்திருக்காது. மருந்துக் குப்பியை எடுத்து வைத்துவிட்டு, ஒவ்வொரு செடியையும் உள்ளிருந்து வெளியாக வரைந்து குறிக்கத் தொடங்கினேன்.

முதலில் எழுந்த தவறான விளக்கங்கள்

தோட்டம் வளர்ப்போரிடையே பரவலாக உள்ள கருத்து ஒன்று உண்டு: கலப்பினம் சில காலத்தில் 'தாய்க்குணத்துக்குத் திரும்பிவிடும்', வெள்ளி போவது அதன் அடையாளம் என்பது. இதை நான் ஏற்கவில்லை, ஏற்க வேண்டியதும் இல்லை. கலப்பினச் செடியின் ஒவ்வொரு செல்லிலும் இரு பெற்றோரின் பங்கும் ஒன்றாகவே இருக்கிறது. நடுவயதில் ஒன்று பிரிந்து வெளியேறிவிடாது. ஜெர்மனியில் 1930-களில் உருவாக்கப்பட்ட எச்சிவேரியா கலப்பினமான 'பெர்லே ஃபொன் நியூரென்பெர்க்' இன்றுவரை துண்டு துண்டாகப் பெருக்கப்பட்டே உலகெங்கும் அதே சாம்பல்-ஊதா நிறத்தில் நிற்கிறது. விதையிலிருந்து வளர்த்தால் குணம் சிதறும் என்பது உண்மை. அதனால்தான் இவற்றை விதை போட்டுப் பெருக்குவதில்லை. இருவகைச் செல்கள் அடுக்காக அமைந்த வரியிலைச் செடிகள் ஒற்றைப் பச்சைக்குத் திரும்புவதும் உண்மை. என் பாத்தியில் இருந்தவை விதைச் செடிகளும் அல்ல, வரியிலைச் செடிகளும் அல்ல.

சத்துக் குறைவு என்ற இரண்டாவது ஐயத்தைப் பாத்தியே தள்ளிவிட்டது: ஒரே கலவையில், ஓர் அடி இடைவெளியில் நின்ற ஐந்து செடிகள் சிறிதும் மங்காமல் வெள்ளியாக இருந்தன. உரம் கூடிப் போயிற்றா என்றும் பார்த்தேன். தழைச்சத்து மிகுந்தால் இலை மென்மையாகவும் பசுமையாகவும் பெருக்கும் என்பது தெரிந்ததே. ஆனால் நட்டபோது கலந்த மட்குரத்துக்குப் பின் எதையும் இடவில்லை.

இலையடுக்கைப் படித்தல்

இச்செடிகளின் இலையடுக்கில் புதிய இலை எப்போதும் நடுவிலிருந்தே பிறக்கிறது. பழைய இலை வெளியே தள்ளப்பட்டு, கடைசியில் அடியில் காய்கிறது. ஆகவே ஓர் இலையடுக்கு ஒரு நாட்குறிப்பு. நடுப்பக்கம் இன்று, விளிம்பு பல மாதங்களுக்கு முன். நிற இழப்பு இந்த நாட்குறிப்பின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தவுடன் 13 செடிகளும் தாமாகவே மூன்று குழுக்களாகப் பிரிந்துவிட்டன.

மேல் முனையின் ஆறு செடிகளில் (நான்கு 'லாலிண்ட்சா', இரண்டு 'பவுடர் பஃப்') வெளி இலைகளும் நடுவயது இலைகளும் பச்சை. ஆனால் தெளிப்புக்குப் பின் பிறந்த உள் இலைகள் மாசற்ற வெள்ளி. அதாவது செடி தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருக்கிறது. என்றோ ஒருநாள் வெளியிலிருந்து வந்த ஒன்று அன்றுவரை இருந்த இலைகளைக் கெடுத்துவிட்டுப் போய்விட்டது.

கீழ் முனையின் ஐந்து செடிகளில் (மூன்று 'டிட்டுபன்ஸ்', இரண்டு 'ஃபிரான்செஸ்கோ பால்டி') படம் தலைகீழ். வெளி இலைகள் இன்னும் வெள்ளி. உள்ளே புதிதாக வந்தவைதான் பச்சை. புதிய இலைகள் சற்று நீண்டும் மெலிந்தும், இலைகளுக்கிடையே தண்டு தெரியும்படி இடைவெளி விட்டும் இருந்தன. இது கடந்தகாலக் காயமன்று; இப்போது, இந்த வாரம், செடிக்குப் போதாமை இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்துப் புதர் ஒரு பருவத்தில் இரண்டு அடி வளர்ந்து, முற்பகல் வெயில் முழுவதையும் மறைத்திருந்தது. ஒளி குறைந்த இடத்தில் இவை மெழுகைக் குறைவாகவே சுரக்கின்றன. அதோடு நிழலில் மண் மெதுவாகக் காய்வதால், வெயிலில் நின்றபோது சரியாக இருந்த அதே நீரளவு இங்கே மிகையாகிவிட்டது.

மூன்றாம் குழுவான இரண்டு செடிகளில் உள், வெளி என்ற ஒழுங்கே இல்லை. ஒரே இலைக்குள் வெள்ளியும் பச்சையும் அருகருகே இருந்தன. 'டிட்டுபன்ஸ்' செடியின் மூன்றாம் அடுக்கு இலையில் ஒரு கட்டைவிரல் தடம், ரேகை வளைவு கூடத் தெரியும்படி பதிந்திருந்தது. அதன் எதிர்ப்பக்கம் ஆள்காட்டி விரலின் தடம். பெயர்ச்சீட்டைச் செருகும்போது நான் பிடித்த பிடி அது. 'பவுடர் பஃப்' இலைகளில் இருந்தவை பயறளவு வட்டங்கள், ஒரே நேர்கோட்டில். மேலே கூரை விளிம்பின் சொட்டு விழும் கோட்டுக்கு நேர் கீழே. ஒரு மழைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஓர் உயரத்திலிருந்து ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் சொட்டு, படிகங்களைச் சிறிது சிறிதாக அரித்துவிடுகிறது.

சான்று: பாதி வெள்ளிச் செடி

முதல் குழுவுக்கு எண்ணெயே காரணம் என்பதற்கு, நான் திட்டமிடாத சான்று ஒன்று பாத்தியிலேயே இருந்தது. தெளிப்பின் விசிறி எட்டிய எல்லையில் நின்ற 'லாலிண்ட்சா' ஒன்றில், ஒரு பாதி பச்சை, மறுபாதி வெள்ளி. எல்லைக்கோடு இலையடுக்கின் குறுக்கே சாய்வாகச் சென்றது. ஒரே இலை கூட இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரே வேர், ஒரே தண்டு, ஒரே தண்ணீர். நோயோ சத்துக்குறையோ ஓர் இலையின் நடுவே கோடு கிழித்து நிற்காது. பழுப்புத் திட்டுகளும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை: எண்ணெய் பட்ட பாதியை மட்டுமே வெயில் சுட்டிருந்தது.

இருந்தும் உறுதி செய்ய விரும்பி, ஏற்கனவே சேதமான ஒரு செடியின் வெள்ளையான மூன்று இலைகளில் சோதனை செய்தேன். முதல் இலையில் விட்ட வெறும் தண்ணீர்த் துளி, பாதரசம் போல உருண்டு, தன் மேல் சிறிது பொடியை ஒட்டிக்கொண்டு கீழே விழுந்தது. இலையில் மங்கலான தடம் மட்டும் இருந்தது. இரண்டாவதில் விட்ட சோப்புத் தண்ணீர் உருளாமல் பரவி, உலர்ந்தபின் மந்தமான சாம்பல் திட்டாக நின்றது. மூன்றாவதில் எண்ணெய்க் கரைசல் பட்ட நொடியே இடம் இருண்டு பச்சையானது. மறுநாளும், மறுவாரமும் அப்படியே இருந்தது. எண்ணெய் பட்ட காகிதத்தில் மறுபக்க எழுத்து தெரிவது போன்றதே இது: படிகங்களுக்கு இடையே இருந்த காற்றை எண்ணெய் வெளியேற்றி அவ்விடத்தை நிரப்புகிறது, ஒளி சிதறுவது நிற்கிறது, அடியில் உள்ள பச்சை வெளித் தெரிகிறது. தோட்டக்கலை எண்ணெய்களின் குறிப்புச்சீட்டுகளில் நீல ஸ்ப்ரூஸ் மரத்தின் மேல் தெளிக்காதீர்கள் என்ற எச்சரிக்கை இடம்பெறுவதும் இதனால்தான். அம்மரத்தின் நீலமும் மெழுகே, எண்ணெய் பட்டால் அதுவும் பச்சையாகிவிடும்.

மாலையில் தெளித்தால் தீங்கில்லை என்ற பொது அறிவுரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இலைத்துளைகள் பகலில் திறக்கும் செடிகளுக்குத்தான் அது பொருந்தும். இக்குடும்பமோ பகலில் துளைகளை மூடி, இரவில் திறந்து கரியமில வாயுவை எடுத்து மாலிக் அமிலமாகச் சேமித்து, பகலில் அதைப் பயன்படுத்துகிறது. இம்முறைக்கு கிராசுலேசியன் அமில வளர்சிதை மாற்றம் என்ற பெயரே இக்குடும்பத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். மாலையில் எண்ணெய்ப் படலம் போர்த்துவது, செடி மூச்சுவிடத் தொடங்கும் நேரத்தில் அதன் வாயை அடைப்பதாகும்.

செய்த திருத்தங்கள்

மூன்று காரணங்களுக்கும் மூன்று வெவ்வேறு மருந்துகள். ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு நஞ்சு என்பதுதான் இந்நிகழ்வின் இக்கட்டான பகுதி: கீழ் முனைக்கு வேண்டியது கூடுதல் வெயில், மேல் முனைக்கு வேண்டியது நிழல்.

மேல் முனைக்கு மெல்லிய நிழல்வலை கட்டினேன், நண்பகலுக்கு முன்னும் பின்னுமான கடும் வெயில் நேரத்துக்கு மட்டும். எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவலாமா என்ற எண்ணம் எழுந்தது. சோதனை இலையில் சோப்பு செய்ததைப் பார்த்திருந்ததால் விட்டுவிட்டேன். போன மெழுகு கழுவினால் திரும்பாது, இருக்கும் மெழுகு கழுவினால் போகும். மிச்சமிருந்த மாவுப்பூச்சிகளை, ஒரு மெல்லிய தூரிகையின் நுனியை மட்டும் ஆல்கஹாலில் நனைத்து, பூச்சியின் முதுகில் மட்டும் படும்படி ஒவ்வொன்றாகத் தொட்டு அழித்தேன். பொழுதெல்லாம் பிடித்த வேலைதான். ஐந்து நாளுக்கு ஒருமுறை என நான்கு சுற்று தேவைப்பட்டது, ஏனெனில் முட்டையிலிருந்து புதியவை வந்துகொண்டேயிருந்தன. எறும்பு வரும் தடத்தையும் துண்டித்தேன். இரண்டு செடிகளைத் தோண்டி வேரையும் பார்த்தேன். வேர் மாவுப்பூச்சி இல்லை.

மிக மோசமாகச் சுட்டிருந்த ஒரு 'லாலிண்ட்சா'வைத் தலை வெட்டி நட்டேன். கத்தி வேண்டாம்; இலைகளுக்குள் கத்தி நுழைந்தால் நல்ல இலைகளையும் உரசும். மெல்லிய நைலான் நூலை உள் அடுக்குக்குக் கீழே இலையிடுக்கு வழியாகச் செலுத்தி, தண்டைச் சுற்றிக் குறுக்காகப் பிடித்து இழுத்தால் வெண்ணெயில் போவது போல அறுத்துக்கொண்டு வரும். வெட்டிய தலையை ஒரு வெற்றுக் கிண்ணத்தின் வாயில், இலைகள் எதிலும் படாதபடி தண்டை மட்டும் கீழே தொங்கவிட்டு எட்டு நாள் வைத்தேன். வெட்டுவாய் உலர்ந்து காய்ப்புப் பிடித்தபின் உலர்ந்த கலவை மேல் அமர்த்தினேன். மூன்றாம் வாரம் இளஞ்சிவப்பு வேர் முனைகள் தெரிந்தன; அதன் பிறகே முதல் தண்ணீர். அடிக்கட்டையில் ஐந்து இலைகளை விட்டிருந்தேன். இரண்டு மாதத்தில் அதன் இலைக்கணுக்களில் மூன்று பக்கக் கன்றுகள் முளைத்தன, மூன்றும் பிறக்கும்போதே வெள்ளி.

கீழ் முனைக்குச் செய்ததை ஒரு வரியில் சொல்லலாம்: புதரைக் கவாத்து செய்தேன், நீர்விடும் இடைவெளியைக் கூட்டினேன். ஆனால் கவாத்தை ஒரே நாளில் செய்யவில்லை. நிழலில் பிறந்த பச்சை இலைகளுக்குப் போர்வை இல்லை. திடீரென முழு வெயிலைத் திறந்துவிட்டால் மேல் முனையில் நடந்ததே இங்கும் நடக்கும். மூன்று வாரங்களில் மூன்று தவணையாகக் கிளைகளை எடுத்தேன். நாள் கணக்கு வைத்துத் தண்ணீர் விடுவதையும் நிறுத்திவிட்டேன். அடி இலையை விரல் நகத்தின் ஓரத்தால் மெல்ல அழுத்தி, அது சற்று நெகிழ்ந்து தோலில் மெல்லிய சுருக்கம் தெரிந்த பின்பே, மண்ணோடு ஒட்டி, வேர் ஆழம் வரை நனையும்படி விடுகிறேன். அடி இலை எப்படியும் உதிரப் போவது, ஆகவே தொட அனுமதி அதற்கு மட்டும்.

கூரைச் சொட்டின் கீழ் இருந்த 'பவுடர் பஃப்' ஒரு கை அகலம் தள்ளி நடப்பட்டது. இடமாற்றும்போது இலையைப் பிடிக்காமல், இரண்டு கரண்டிகளை இருபுறமும் மண்ணுக்குள் செலுத்தி வேர்க்கட்டியோடு தூக்கினேன்.

தொடர்ந்து கண்டவை

நான்கு வகைகளும் ஒரே வேகத்தில் மீளவில்லை. கிராப்டோபெட்டலம் இரத்தம் கலந்த 'டிட்டுபன்ஸ்', 'ஃபிரான்செஸ்கோ பால்டி' இரண்டும் வெயில் திரும்பிய ஏழாம் வாரத்திலேயே வெள்ளிப் புது இலைகளைக் காட்டின. நீண்டுபோன தண்டு மட்டும் சுருங்கவில்லை, அது சுருங்கவும் செய்யாது. அவற்றில் இரண்டைத் தலை வெட்டித் தாழ நட வேண்டியிருந்தது. அப்போது கழன்ற இலைகளை உலர்ந்த கலவை மேல் பரப்பி வைத்தேன். பெரும்பாலானவை அடியில் வேரும் குட்டி இலையடுக்கும் விட்டன. 'லாலிண்ட்சா' இலைகளில் மிகச் சிலவே அப்படி முளைத்தன. எச்சிவேரியா லாய் மரபு மிகுந்த செடிகளில் பொடி தடிமனானது, ஆனால் வளர்ச்சி மெதுவானது. இழந்ததை மீட்க அவற்றுக்கு ஐந்து மாதத்துக்கும் மேலாயிற்று. இனி ஒரு பாத்தி அமைத்தால், மழைச்சாரலும் கைகளும் படும் விளிம்புகளில் கிராப்டோபெட்டலக் கலப்புகளையும், எட்டாத நடுவிடத்தில் எச்சிவேரியா லாய், இன்னொரு வெண்பொடிச் செடியான எச்சிவேரியா கான்டே ஆகியவற்றின் மரபுக் கலப்புகளையும் வைப்பேன் என்பது என் தீர்மானம். தோற்றத்தில் எல்லாம் ஒரே வெள்ளிதான். தாங்கும் திறனில் இரண்டும் வெகுதூரம்.

ஒரு முன்னெச்சரிக்கையும் சேர்ந்துகொண்டது. புதிதாக வாங்கும் எந்தச் செடியையும் இப்போது ஒரு மாதம் தனியே வைத்து, கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து இலையிடுக்குகளைப் பார்க்கிறேன். மேலிருந்து வரும் ஒளியில் மாவுப்பூச்சியும் மெழுகுப்பொடியும் ஒன்று போலவே இருக்கும். பக்க ஒளியில் பூச்சியின் உடல் நிழல் விழுகிறது, பொடிக்கு நிழல் இல்லை. பூச்சி பாத்திக்குள் நுழையாவிட்டால் எதையும் தெளிக்க வேண்டிய நிலையே வராது.

விரல் தடம் பதிந்த 'டிட்டுபன்ஸ்' இலையை நான் அகற்றவில்லை. அதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். கண்டபோது மூன்றாம் அடுக்கில் இருந்த அது, மாதம் செல்லச் செல்ல வெளியே நகர்ந்து, எட்டாம் மாதம் அடியில் சுருங்கிக் காய்ந்தது; கடைசி நாள் வரை ரேகை அதில் மாறாமல் இருந்தது. பாதி வெள்ளியான 'லாலிண்ட்சா'வில் இன்னும் இரண்டு எண்ணெய் இலைகள் அடியில் மிஞ்சியிருக்கின்றன. ஒன்றின் நுனி காய்ந்துவிட்டது, இழுத்தால் வந்துவிடும். ஆனால் இழுக்கக் கையை நுழைத்தால் அதற்கு மேலே உள்ள இலையை என் விரல் உரசும் என்பதால், அது தானாக விழும் வரை காத்திருக்கிறேன்.